மலையடிச் சேமக்காலையில் ஓர் இடம்

என் அண்ணா ஹங்கேரியில் ஒரு சிறிய ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்த ஊரில் ஒரு மலை. மலையுச்சியில் ஆயிரம் வருடங்களுக்கு முன் தொடங்கிய துறவி மடம். ஊரின் பெயரை அம்மாவால் இன்றுவரை சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "மலையடி" என்றுதான் சொல்லுவார். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டில் அதுவே அந்த ஊரின் பெயராகிவிட்டது.

அப்பா எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்தவர். ஐந்து வருடம் கழித்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை, வயது கடந்துவிட்டது. நாங்கள் இருவரும் கொழும்பில் விமானம் ஏறிய அதே வாரம், அண்ணா களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வேறு வழியால் புறப்பட்டார். மொஸ்கோ, புடாபெஸ்ட், ஆஸ்திரியா, பிறகு லண்டன் என்று வழி சொல்லப்பட்டிருந்தது.

புறப்படுமுன் கொழும்பு லொட்ஜ் அறையில் அம்மா மூன்று காரியம் செய்தார். லண்டன் வீட்டு டெலிபோன் நம்பரை ஒரு துண்டுத் துணியில் எழுதி அண்ணாவின் சட்டைக் கழுத்துக்கு உள்ளே தைத்தார். கோயிலில் மந்திரித்த நூலை வலது கையில் கட்டினார். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டு வேதக்கார மனிசி கொடுத்துவிட்ட மாதா பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்.

"வெள்ளைக்காரன்ர நாட்டில அவன்ர சாமியும் கூட நிக்கட்டும்."

அண்ணா சிரித்தார். "ரெண்டு பேரும் சண்டை பிடிச்சால் நான் என்னம்மா செய்யிறது?"

"நீ பேசாமல் நடுவில நில்."

அண்ணாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு ஏறக்குறைய இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் டெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். யாரோ ஒருவர் மிக மெதுவான, புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தில் பேசினார். தான் ஒரு துறவி என்றார். அண்ணாவின் பெயரைச் சொன்னார். அவர் தங்கள் ஊர் ரயில் நிலையத்தில் கடுங்காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தார், ரயில்வே தொழிலாளி ஒருவரின் விதவை தன் வீட்டுக்கு அழைத்துப் போனார், டாக்டர் வந்து பார்த்தார், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை என்றார். சட்டையில் இருந்த நம்பருக்கு ஒரு வாரமாக முயன்றும் லைன் கிடைக்கவில்லை. ஆகவே அடக்கம் செய்துவிட்டோம் என்றார். நான் அவரிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு ஊரின் பெயரையும் மடத்தின் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

நடந்தது என்னவென்று பிறகு, அண்ணாவோடு பயணம் செய்து லண்டன் டூட்டிங்குக்கு வந்து சேர்ந்த ஒருவர் சொன்னார். எல்லையைக் கடக்க எல்லோரையும் ஒரு மூடிய வேனில் ஏற்றியிருக்கிறார்கள். அண்ணாவுக்கு இருமல் நிற்கவில்லை. சத்தம் கேட்டால் எல்லோரும் பிடிபடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் அவரை அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அடுத்த வண்டி வரும் என்று சொல்லியிருக்கிறான். வண்டி வரவில்லை.

அம்மா அழுததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அழுகை ஓய்ந்த பிறகு மிஞ்சியதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஆட்களில் கைக்குழந்தைகளைப் புதைப்பார்கள். சித்தர்களைச் சமாதி வைப்பார்கள். மற்றவர்களை எரிப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து சாம்பலைக் கடலில் கரைத்தால்தான் இறந்தவர் வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. அண்ணா எரிக்கப்படவில்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. ஐயர் வீட்டுக்கு வந்து, உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிக்கிற முறை ஒன்று இருக்கிறது என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்.

"உடம்பு கிடைக்காட்டித்தானே ஐயா புல்லு? என்ர பிள்ளையின்ர உடம்பு கிடக்கு. கிடக்கிற இடமும் தெரியும். பிறகென்னத்துக்குப் புல்லு?" என்று அம்மா கேட்டார்.

அதைவிட மோசமானது பதக்கம். ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, தூக்கமில்லாத எரிச்சலில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "நீர் போட்டுவிட்ட மாதாவைப் பாத்துத்தான் அவங்கள் வேதக்காரனெண்டு நினைச்சுத் தாட்டவங்கள்." சொன்ன உடனேயே அப்பாவின் முகம் மாறிவிட்டது. ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். தன் கையால் போட்ட பதக்கத்தால்தான் மகனுக்கு நெருப்பு இல்லாமல் போனது என்று நம்பத் தொடங்கினார். அதன் பிறகு அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. அண்ணாவைத் தோண்டி எடுத்து எரிக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கிய படிப்பை ஈஸ்ட் ஹாமில் முடித்து, ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். சலைன் பம்பு சரியான வேகத்தில் விடுகிறதா, இதயத் துடிப்பைக் காட்டும் திரை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகச் சரி போட்டு, ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அண்ணாவின் காரியத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. துறவிக்குக் கடிதம், அந்த ஊர் நகரசபையின் அனுமதி, சுகாதாரப் பகுதியின் அனுமதி, குழி தோண்ட ஆட்கள், எரிப்பதற்குப் பெரிய நகரத்தில் ஓர் இடம், சாம்பலை விமானத்தில் கொண்டுவரப் பத்திரம், எங்களுக்கு விசா. எல்லாவற்றுக்கும் சரி போட்டு முடியத் தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஐப்பசி வந்துவிட்டது.

அப்பா வரமாட்டேன் என்றார்.

"இஞ்சாருங்கோ, கொள்ளி வைக்க ஆம்பிளை ஒருத்தர் வேண்டாமோ?" என்றார் அம்மா.

"எனக்கு அவன் வைக்கவேண்டியது. நான் போய் அவனுக்கு வைக்கிறதோ?" அப்பா வேலைச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டியபடி, தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "என்னால ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

புடாபெஸ்டிலிருந்து ஒரு ரயில், பிறகு இரண்டே பெட்டிகள் கொண்ட இன்னொரு ரயில். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மலை பழக்கமில்லை. எங்கள் நிலம் மேசை மாதிரி. அந்தச் சமவெளியும் வெகுதூரம் அப்படித்தான் இருந்தது. அறுவடை முடிந்த சோள வயல்கள் மட்டும் தெரிந்தன. திடீரென்று மூடுபனிக்கு மேலே மடத்தின் கோபுரம் தெரிந்தது. மலை தெரியவில்லை, கோபுரம் மட்டும் தனியாக நின்றது. ஆயிரமாவது ஆண்டு நெருங்குகிறது என்று சுவர்களைப் பழுது பார்க்கச் சாரம் கட்டியிருந்தார்கள். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

"இதைப் பாத்திருப்பானோ?"

"தெரியேல்லை அம்மா. இரவில இறக்கிவிட்டிருக்கினம் போல."

ஸ்டேஷனில் துறவி காத்திருந்தார். கறுப்பு அங்கிக்கு மேலே பழைய மழைக்கோட்டு. பக்கத்தில் தலையில் துணி கட்டிய, குள்ளமான, மிகவும் வயதான ஒரு பெண். அண்ணாவைக் கண்டெடுத்தவர் அவர்தான். எங்களைத் தன் வீட்டில்தான் தங்க வைக்க வேண்டும் என்று துறவியிடம் ஒற்றைக் காலில் நின்றாராம். அம்மா அவருக்கு முதல் பார்வையிலேயே "ரயில் மனிசி" என்று பெயர் வைத்துவிட்டார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஊராரைப் புதைக்கும் சேமக்காலைக்குப் போனோம். மலைச்சரிவில், வால்நட் மரங்களுக்குக் கீழே இருந்தது. கேற்றடியில் அம்மா நின்றுவிட்டார்.

"பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, பிள்ளை."

அம்மாவின் வயதில், எங்கள் ஊரில், அது மறுபேச்சில்லாத வழக்கம். சவம் வீட்டு வாசல் படலையைத் தாண்டும்வரை பெண்கள் அழுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் ஆண்கள். இவ்வளவு திட்டம் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

"இது சுடலை இல்லையம்மா, சேமக்காலை."

"ரெண்டும் ஒண்டுதான்."

நான் துறவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். இறந்தவர்களின் திருநாள் அடுத்த வாரம் வரவிருந்ததால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வாளியும் பிரஷுமாகக் கல்லறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் செவ்வந்திப் பூக்கள் சட்டி சட்டியாக நின்றன. இரண்டு பெண்கள் எதையோ சொல்லி உரத்துச் சிரித்தார்கள்.

"இஞ்ச முழுக்கப் பொம்பிளையள்தானே நிக்கினம்" என்றார் அம்மா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

கல்லறை சாம்பல் நிறக் கல். இடது பக்கம் ரயில் மனிசியின் கணவரின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வலது பக்கம் இன்னொரு பெயர், ஒரு பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு எதுவும் வெட்டப்படவில்லை; கல் வழவழப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஓர் எனாமல் தகட்டில் அண்ணாவின் பெயர்.

"இது ஆர்?" அம்மா அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

நான் கேட்டுச் சொன்னேன். "இவதான் அம்மா. கணவர் செத்தபோதே தன்ர பெயரையும் வெட்டிவிட்டாவாம். இஞ்ச அப்பிடித்தானாம் வழக்கம்."

அம்மா கையைச் சட்டென்று எடுத்தார். "உயிரோட நிக்கிற மனிசியின்ர பேரை ஆரும் கல்லில வெட்டுவினமோ! விசரே?" பிறகு ரயில் மனிசியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தன் பெயருக்கு மேல் ஒட்டியிருந்த ஓர் இலையை விரலால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாவை ஊர்ச் செலவில் சேமக்காலையின் மூலையில் புதைக்கத்தான் முதலில் நினைத்தார்களாம். ரயில் மனிசி சம்மதிக்கவில்லை. என் வீட்டில் இறந்தவன் என் இடத்தில் கிடக்கட்டும் என்று சொல்லி, தனக்கென்று வைத்திருந்த வலது பக்கத்தைக் கொடுத்துவிட்டார். இதைத் துறவி ஒருநாளும் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. வேறொருவருடைய இடம் என்பது தெரியாமலே நான் அவ்வளவு அனுமதிகளையும் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா வாசலைத் தாண்ட மறுத்தார். சுடலைக்குப் போய் வந்தவர் தலைக்குத் தண்ணீர் வார்த்துத் தோயாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. ஐப்பசிக் குளிரில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆங்கிலத்தில் துறவிக்குச் சொல்ல, துறவி ஹங்கேரிய மொழியில் சொல்ல, ரயில் மனிசி ஒரு நீண்ட பதில் சொன்னார். துறவி அதைச் சுருக்கிச் சொன்னார்: "தண்ணீர் சுட வைக்கிறாராம். ஆனால் குளிர்ந்து போய் இவரும் செத்தால் வைக்க இடமில்லையாம்."

நான் தமிழில் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். ஏறக்குறைய நான்கு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. "வாய்க்காரி" என்றார்.

தோய்ந்து, வேறு சேலை உடுத்து, அடுப்படி மேசையில் வந்து உட்கார்ந்த பிறகு அம்மா கேட்டார். நான் துறவியிடம் கேட்பதற்கென்று பல கேள்விகள் எழுதி வந்திருந்தேன். அம்மா என் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சுவாமியாரிட்டை வடிவாக் கேள். அந்தப் பதக்கத்தைப் பாத்தோ தாட்டவை?"

நான் கேட்டேன். ஆம் என்று சொல்லிவிட்டால் அதை எப்படி அம்மாவிடம் கொடுப்பது?

"பதக்கத்தைப் பார்த்தோம்," என்றார் அவர். "கையில் நூலையும் பார்த்தோம். அவர் யார் என்று எங்களுக்கு நிச்சயமில்லை. ஆனால் அதற்கும் புதைத்ததற்கும் சம்பந்தமில்லை. இந்த ஊரில் எரிக்க வழியே இல்லை. ஒருநாளும் கோயிலுக்கு வராத ஸ்டேஷன் மாஸ்டரும் அதே சேமக்காலையில்தான் கிடக்கிறார்."

சொன்னேன். அம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"நூலும் இருந்ததோ?"

"ஓமாம்."

"கழட்டினவையோ?"

"எதையும் கழற்றவில்லை," என்றார் துறவி, ரயில் மனிசியைக் காட்டி. "தாய் கட்டியது என்று இவர் சொன்னார். இரண்டும் அவரோடு இருக்கின்றன."

அம்மா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் இருக்குதாம்" என்று எனக்கே திருப்பிச் சொன்னார், நான் கேட்காதவள் மாதிரி.

ரயில் மனிசி அண்ணாவின் கடைசி நாட்களைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி, துறவி மாற்றி, நான் மாற்றி, ஒவ்வொரு வசனமும் மூன்று பேரைத் தாண்டி வர வேண்டும். ஒரு இடத்தில் அவர் குரல் உயர்ந்தது. மேசையில் தட்டினார். அண்ணாவுக்காகத் தன் நல்ல முட்டைக் கோழியை அடித்துச் சூப் வைத்தாராம். கிண்ணத்தைக் கையால் தள்ளிவிட்டானாம். மூன்று முறை கொடுத்தும் குடிக்கவில்லையாம். நான்கு வருடமாக அந்தக் கோபம் இருக்கிறதாம்.

"என்ன கிழமை?" என்றார் அம்மா.

கேள்வி அந்தப் பக்கம் போய்ப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை அவன் மச்சம் தொடான்! சின்னனிலயிருந்து தொடான். சொல்லு பிள்ளை, அவவுக்குச் சொல்லு, அவவின்ர சமையலில பிழையில்லை."

அது போய்ச் சேர்ந்ததும் ரயில் மனிசி வாயைப் பொத்திக்கொண்டார். தங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது என்றார். நோயாளி என்பதால் பாவத்தைத் தான் ஏற்றுக்கொண்டு கோழியை அடித்தாராம். "அவன் எனக்குப் பாவம் வராமல் பார்த்திருக்கிறான். நான் அவனைத் திட்டினேன்" என்றார். இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்த அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நானும் துறவியும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நான் காரியத்துக்கு வந்தேன். நாளை மறுநாள் காலை குழி தோண்டும் ஆட்கள் வருவார்கள்; அவருடைய இடம் என்பதால் அவருடைய சம்மதமும் வேண்டும் என்றேன். ரயில் மனிசி தலையாட்டினார். பிள்ளையைத் தாய் கேட்டால் மறுக்க முடியாது என்றார். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று மேசையில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்தார். அண்ணாவை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள இடம் அவருக்கு. அவர் வந்துவிட்டால் பிறகு கீழே உள்ளவரை எடுக்க முடியாது. "எடுப்பதென்றால் நான் வருவதற்கு முன் எடுங்கள். நான் அவசரப்படவில்லை. ஆனால் டாக்டர் அவசரப்படுகிறார்" என்றார். அவருக்கு நெஞ்சில் நோய் இருந்தது.

துறவி எழுந்து கோட்டை மாட்டும்போது ரயில் மனிசி இன்னொன்றும் சொன்னார். துறவி அதை மாற்றத் தயங்கினார். பிறகு சொன்னார். "இவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் நல்லவர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் போய்க் கிடக்க வேண்டுமே என்று முன்பு பயந்துகொண்டிருந்தாராம். பையன் அங்கே போன பிறகு அந்தப் பயம் போய்விட்டதாம்."

நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்.

மறுநாள் முழுவதும் இருவரும் சேமக்காலையில் நின்று கல்லைக் கழுவினார்கள். நான் மலை ஏறி மடத்தைச் சுற்றிப் பார்த்தேன். நிலவறைக் கோயிலில் குளிர்ந்த கல் தூண்கள், ஆயிரம் வருடமாக ஆட்கள் நடந்து நடுவில் தேய்ந்த படிகள். வெளியே வந்தால் சரிவு முழுவதும் தெரிந்தது. கீழே, சின்னதாக, சிவப்புச் சேலையும் கறுப்புச் சட்டையும் அருகருகே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து இருவரும் ஒருவர் பின் ஒருவராகத் தோய்ந்தார்கள். ரயில் மனிசி ஏன் தோய்ந்தார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆட்கள் மண்வெட்டி, கயிறு, பலகைகளோடு வந்தார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் முத்திரையோடு வந்தார். எல்லாம் நான் ஏற்பாடு செய்தபடியே சரியாக நடந்தது. ஓர் ஆள் செவ்வந்திச் சட்டி ஒன்றைத் தூக்கி நகர்த்தினார்.

"வேண்டாமெண்டு சொல்லு" என்றார் அம்மா.

"என்னம்மா?"

"அவன் அங்கயே கிடக்கட்டும். அந்த மனிசிக்கு ஆள் வேணும்."

"அம்மா, இனி எடுக்கேலாது. விளங்குதோ? அவ போனாப் பிறகு ஒருநாளும் எடுக்கேலாது. நெருப்பு—"

"எனக்கு விளங்குது, பிள்ளை. நீ சொல்லு."

நான் சொன்னேன். நகரசபைக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகைகளைத் திரும்பத் தூக்கினார்கள். ரயில் மனிசி மட்டும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். துறவி அவர் காதருகே குனிந்து சொன்னதும், அவர் போய்ப் பூச்சட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

லண்டனில் அப்பா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். எங்கள் கைகளைத்தான் முதலில் பார்த்தார். சாம்பல் பெட்டி இல்லை என்று கண்டதும் அவர் தோள்கள் இறங்கின. நிம்மதியா, ஏமாற்றமா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"அப்ப, புல்லில செய்து அந்தியேட்டியை முடிப்பமே?" என்று சில வாரங்கள் கழித்துக் கேட்டார்.

"இன்னும் நேரம் வரேல்லை" என்றார் அம்மா. அதற்கு மேல் விளக்கவில்லை. அடுத்த வருடமும் அதையே சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் துறவி டெலிபோனில் கூப்பிட்டார். இந்த முறை லைன் உடனே கிடைத்திருந்தது. ரயில் மனிசி முதல்நாள் காலை தூக்கத்திலேயே இறந்துவிட்டார், நாளை அடக்கம் என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டு அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். மேலே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றித் தோய்ந்தார். இறங்கி வந்து சாமியறைக் கதவைச் சாத்தினார்.

"எங்களுக்குத் துடக்கு" என்றார்.

வீட்டில் சாவு விழுந்தால் வரும் தீட்டைத்தான் அப்படிச் சொல்வோம். முப்பத்தொரு நாளைக்குக் கோயில் இல்லை, விளக்கு இல்லை, பிறர் வீட்டு நல்ல காரியம் இல்லை. அந்த மாதம் சிவராத்திரி வந்தது. அண்ணா இறந்த வருடம் தவிர, லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து அம்மா தவறாமல் விழித்த இரவு அது.

"இஞ்சாரும், வெள்ளைக்காரிக்கு என்னத்துக்குத் துடக்கு?" அப்பா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது?"

"எங்கட ஆக்களில ஒராள் எண்டு சொல்லுங்கோ."

சிவராத்திரியன்று பக்கத்துத் தெருவிலிருந்து கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த ஓர் அக்காவிடம் வாசலிலேயே அம்மா அதைத்தான் சொன்னார். "ஊரிலயோ?" என்று அவர் கேட்டார். "இல்லை, மலையடியில" என்றார் அம்மா. அப்படி ஒரு ஊர் யாழ்ப்பாணத்தில் எங்கே என்று அவர் யோசித்தபடியே போனார்.

டெலிபோன் வந்த அன்று பின்னேரமே அம்மா என்னைக் கூப்பிட்டு, ஐயருக்கு அறிவிக்கச் சொன்னார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அண்ணாவுக்கும் சேர்த்து.

"ஆறு வருசம் கழிச்சோ?" என்றேன்.

"இண்டுவரைக்கும் அவன்ர குழி மூடேல்லையே, பிள்ளை. திரும்பத் திறக்கவேண்டிய குழி அது. நாளைக்குத்தான் மூடப்போகினம். இனிப் புல்லில செய்யலாம்."

தேவையானவற்றை எழுதினேன். எள், அரிசிமா, தர்ப்பை, வாழையிலை, நெய், தகரத் தட்டு. எழுதிய தாளை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

எங்கள் வீட்டுப் பின்வளவில், அப்பா வளர்த்த கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில், ஐயர் புல்லில் ஓர் உருவம் செய்தார். இன்னொன்றுக்குப் புல்லை எடுத்தபோது அம்மா தடுத்தார். "அவவின்ர ஆக்கள் எரிக்கிறேல்லை, ஐயா. அவவுக்குப் பிண்டம் மட்டும் போடுங்கோ." அப்பா நெருப்பை வாங்கினார். புல் மிகச் சீக்கிரம் எரிந்து முடிந்தது. அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

சாம்பலையும் பிண்டத்தையும் எடுத்துக்கொண்டு சவுத்எண்டுக்குப் போனோம். அங்கே கடல் வற்றினால் வெகுதூரம் சேறுதான். தண்ணீர் எப்போது கரைக்கு வரும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். காற்று பலமாக வீசியது. ஐயர் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி மந்திரம் ஓதினார். பிறகு நிமிர்ந்தார்.

"மற்றவவின்ர பேர்?"

நான் சொன்னேன். அவர் இரண்டு முறை முயன்றார்.

"வாய்க்குள்ள வருகுதில்லை, பிள்ளை. செத்த பெடியனுக்கு அவ என்ன முறையெண்டு சொல்லுங்கோ, காணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ப்பை மோதிரம் போட்ட கையை நீட்டியபடி இருந்த அப்பாதான் சொன்னார்.

"பெடியனுக்குப் பெரியம்மா."

ஐயர் அப்படியே சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். முடிந்ததும் அப்பா காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கினார். குளிரில் இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் போங்கோ" என்று கரையிலிருந்து அம்மா கூப்பிட்டார். "ஆழத்தில விடுங்கோ."